வாரண்டி அட்டையில் என் கையெழுத்து

மூன்று வருடம் அல்லது நாற்பதாயிரம் கிலோமீட்டர்,
எது முதலில் வருகிறதோ அதுவரை
என்று அட்டையில் அச்சடித்திருந்தோம்.
இரண்டுக்கும் முன்னால் வந்து நின்றது
ஷெட்டைப் பூட்ட வந்த பேங்க்காரர்களின் ஜீப்.

சூளகிரி தாண்டி உள்ளே திரும்பும் மண் சாலையில்
மாங்கூழ் ஆலைக்கு அடுத்த ஷெட் எங்களுடையது.
சீசனில் அவர்கள் வாசலில் லாரிகள் கட்டி நிற்கும்,
கொட்டை நாற்றமும் ஈயும் எங்கள் பங்கு.
மற்ற ஒன்பது மாதம் அந்த ஆலையில்
ஒரு வாட்ச்மேனும் இரண்டு நாய்களும்.
ஆனாலும் பதினெட்டு வருடமாக இருக்கிறது அது.
நாங்கள் பன்னிரண்டு மாதமும் ஓடினோம்.

முதல் வண்டியை ராயக்கோட்டை ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்தோம்,
பின்னால் நான், கனத்துக்கு.
பாதி வழியில் மோட்டார் சூடேறி நின்றுவிட்டது.
கிரிதர் சார் சிரித்துக்கொண்டே தள்ளினார்.
அப்போது பணம் இருந்தது.

பிறகு மானியம் இறங்கியது, செல் விலை ஏறியது,
பெரிய கம்பெனி ஒன்று எங்களைவிட ஐயாயிரம் குறைத்து
எங்கள் மஞ்சள் நிறத்திலேயே ஒரு வண்டி விட்டது.
பேட்டரி பிரிவில் ஏழு பேர் அங்கே போனார்கள்.
அவர்களை ஏற்றிக்கொள்ள அந்தக் கம்பெனி பஸ்
எங்கள் கேட் வாசலில்தான் நின்றது,
அந்தப் பக்கம் வேறு ஸ்டாப் கிடையாது.
டீ குடிக்க இறங்கினால் கை காட்டுவார்கள்.
நானும் காட்டுவேன்.

முதலீட்டுக்காரர்கள் கடைசியாக வந்த அன்று
கிரிதர் சார் திரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்,
அடுத்த மார்ச்சில் மேலே திரும்பும் கோடு.
அவர்களில் ஒருவர் மாம்பழம் எங்கே நல்லதாகக் கிடைக்கும்
என்று என்னைக் கேட்டார்.

ஒயரிங் தரும் குருபரப்பள்ளி நசீர் பாய்
பாக்கிக்காக நான்கு நாள் வரவேற்பறையில் உட்கார்ந்தார்.
ஐந்தாம் நாள் பணத்துக்குப் பதிலாக
இரண்டு வண்டியை டெம்போவில் ஏற்றினார்.
ஓடிப்போய் அவருக்கும் வாரண்டி அட்டை எழுதிக் கொடுத்தேன்.
கை பழக்கம்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லாமல்.

சர்வர் வாடகை கட்டாத மாதம் ஆப் செத்தது.
விடியற்காலை நாலரைக்குத் திம்மராயனின் போன்,
தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவர்:
"மேடம், வண்டி என்னை யாருன்னு கேக்குது."

அட்டையில் கம்பெனி நம்பருக்குக் கீழே
என் நம்பரையும் போட்டது யார் யோசனை,
இப்போது நினைவில்லை.
அதன் கீழே வெ. லோகேஸ்வரி,
முந்நூற்றுப் பதினோரு அட்டையிலும்.

அப்சல் போவதற்கு முன் ஒரு வழி சொல்லியிருந்தான்:
பிரேக்கைப் பிடித்தபடி ஹாரனை ஏழு முறை அழுத்தினால்
வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருப்பதாக நம்பிக்கொள்ளும்,
யாரையும் கேட்காமல் ஓடும்,
இருபத்தைந்துக்கு மேல் போகாது.
திம்மராயனுக்குச் சொன்னேன்.
எண்ணிக்கொண்டே அழுத்தினார். ஆறில் தப்பு செய்தார்.
மறுபடி முதலிலிருந்து.
மண்டிக் கூச்சலுக்கு நடுவே ஏழு ஹாரன்,
பிறகு சின்னதாக அந்த முனகல்.
எங்கள் வண்டிதான்.

இப்போது பாலக்கோட்டிலிருந்து, அரூரிலிருந்து, பர்கூரிலிருந்து.
காரிமங்கலத்தில் ஒரு மெக்கானிக் சுவரில் சாக்பீஸால்
"ஏழு ஹாரன்" என்று எழுதி வைத்திருக்கிறாராம்.
ஐம்பது ரூபாய் வாங்குகிறாராம்.

போன வாரம் அந்தப் பெரிய கம்பெனியில் இன்டர்வியூ.
பழைய வண்டி மாற்று விலைப் பட்டியல் மேஜைமேல் இருந்தது.
தலைகீழாகவே படித்துவிட்டேன்,
எங்கள் பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு.
நோட்டீஸ் பீரியட் உண்டா என்றார்கள்.
கடைசி அட்டை அடுத்த ஆடி இருபத்தொன்றில் முடிகிறது.
இல்லை என்று சொன்னேன்.

நேற்றிரவு திம்மராயன் போன் செய்தார்:
"ராயக்கோட்டை ரோட்டுல ரெண்டு கிரேட் தக்காளியோட
ஒரு இடத்துலயும் நிக்கல மேடம்."
எனக்கு உடனே கிரிதர் சாருக்குச் சொல்லத் தோன்றியது.
எந்தப் பக்கமாக வந்தீர்கள் என்று கேட்டேன்.
இறக்கத்தில்.
ஏற்றத்துக்கு இன்னும் போகவில்லையாம்.